பார்சிலோனாவில் சரஸ்வதி பூஜை

கொலு வைத்த வீட்டை நடுவில் விட்டுவிட்டு வெளியூர் போகக் கூடாது என்பார் என் மாமியார். நானோ வெளியூர் என்ன, வெளிநாடே போய்விட்டேன்! 2019 நவராத்திரியில் நடந்த கதை இது. ஆறு வருஷமாகிவிட்டாலும், ஒவ்வொரு கொலுவுக்கும் யாராவது ஒருத்தி, "ஏன் மாமி, அந்த ஸ்பெயின் கதையைச் சொல்லுங்களேன்" என்று கேட்டுவிடுகிறாள். எழுதியே வைத்துவிட்டால் என்ன என்று தோன்றியது.

என் தங்கை சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். எனக்கும் அவளுக்கும் பத்து வயது வித்தியாசம். நான் பிளஸ் டூவோடு நின்று, கல்யாணமாகித் திருச்சிக்கு வந்தவள். அவள் இன்ஜினீயரிங் படித்தாள். கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்து, அந்த வருஷம் பிப்ரவரியில்தான் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பிரசவ லீவில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டே லாப்டாப்பில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். "பச்சை உடம்புக்காரி, கண்ணுக்கு ஆகாதடி" என்று நான்கூடக் கடிந்துகொண்டேன். அது என்ன என்று ஜூலையில்தான் தெரிந்தது. ஐரோப்பாவில் நடக்கும் ஒரு பெரிய கம்ப்யூட்டர் மாநாட்டில் பேச மனுப் போட்டிருக்கிறாள். தேர்வாகிவிட்டது!

எஸ்.ஏ.பி. என்று ஒரு ஜெர்மன் கம்பெனி. பெரிய தொழிற்சாலைகளில் கணக்கு, சரக்கு, சம்பளம், கொள்முதல் எல்லாவற்றையும் ஒரே கம்ப்யூட்டர் ஏற்பாட்டில் பார்த்துக்கொள்ள வழி செய்தவர்கள். 1972-ல் ஐ.பி.எம். வேலையை விட்டு வந்த ஐந்து பேர் ஆரம்பித்தார்களாம். சொந்தமாகக் கம்ப்யூட்டர் வாங்கப் பணம் கிடையாது. முதல் வாடிக்கையாளர் ஒரு நைலான் நூல் தொழிற்சாலை. அவர்களுடைய கம்ப்யூட்டரிலேயே ராத்திரி வேளைகளில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். அடுத்த வீட்டு அம்மியில் அரைத்துக் குடித்தனம் ஆரம்பித்த மாதிரிதான்! அந்தக் கம்பெனி நடத்தும் டெக்எட் என்ற மாநாடு 2019-ல் பார்சிலோனாவில், அக்டோபர் 8-ந் தேதி ஆரம்பித்து மூன்று நாள்.

"போக முடியாதுக்கா. எட்டு மாசக் குழந்தையை விட்டுட்டு எப்படிப் போறது?" என்றாள் தங்கை. மாப்பிள்ளைக்கு லீவு இல்லை. அவள் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. எங்கள் அம்மாவுக்கோ முழங்கால் வலி. "விட்டுட்டு ஏன் போகணும்? தூக்கிட்டுப் போ. நான் வரேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்குப் பாஸ்போர்ட்டே இல்லை என்பது நினைவு வந்தது.

இவர் ஒன்றும் சொல்லவில்லை. பேங்க் உத்தியோகஸ்தர், யோசிக்காமல் பேச மாட்டார். மறுநாள் காபி குடிக்கும்போது, "கொலுவுக்கு என்ன பண்ணப் போறே?" என்று மட்டும் கேட்டார். "நீங்களும் பையனும் பார்த்துக்குங்க. சுண்டல் பக்கத்து வீட்டு மாமி பண்ணித் தரேன்னிருக்காங்க" என்றேன். பிளஸ் ஒன் படிக்கும் பையன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

கைக்குழந்தையோடு ஐரோப்பா போகிறவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். பிறந்த குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும். போட்டோவில் கண் திறந்திருக்க வேண்டும், பின்னால் வெள்ளை. வெள்ளை வேட்டியை விரித்து, அதில் படுக்க வைத்து, கிலுகிலுப்பை ஆட்டி எடுத்த முப்பது படத்தில் ஒன்றுதான் தேறியது! ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு விசாக் கட்டணம் இல்லை. ஆனால் பிரயாண இன்ஷூரன்ஸ் குழந்தைக்கும் உண்டு, முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையக் கூடாது. தாயும் தகப்பனும் சேர்ந்து போகாவிட்டால் போகாதவர் சம்மதக் கடிதம் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை நோட்டரியிடம் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்தார். இந்த இன்ஷூரன்ஸ் எதற்கு, வீண் செலவு என்று அப்போது நான் முணுமுணுத்தேன். பிறகு முணுமுணுக்கவில்லை.

அக்டோபர் 6 ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம், துபாயில் விமானம் மாறி. பாதுகாப்புச் சோதனையில் தண்ணீர், எண்ணெய் எதுவும் நூறு மில்லிக்கு மேல் கூடாதென்றாலும், குழந்தைக்கான பாலுக்கும் கஞ்சிக்கும் விலக்கு உண்டு. தனியாக எடுத்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். என் பையில் இருந்த வெள்ளிப் பாலாடையைத்தான் ஒரு அதிகாரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். குழந்தை பாட்டிலைத் தொடாது; எடுத்து வைத்த பாலைப் பாலாடையில் கொடுத்தால்தான் குடிக்கும். எங்கள் அம்மா எனக்கும் தங்கைக்கும் பால் புகட்டிய பாலாடை அது. விமானத்தில் முன் சுவரில் தொட்டில் மாட்டித் தருவார்கள், டிக்கெட் எடுக்கும்போதே கேட்டு வைக்க வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே இருந்தால் காது அடைத்து அழாது. பலர் இறங்கிய பிறகு கொடுக்கலாமென்று வைத்துவிட்டுத் தவிக்கிறார்கள். இறங்க அரை மணி இருக்கும்போதே காது அடைக்க ஆரம்பித்துவிடும்.

பார்சிலோனா நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். மறுநாள் வழக்கம்போல் விழித்துப் பார்த்தால் கும்மிருட்டு. ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். ஆறு ஆயிற்று, ஏழு ஆயிற்று, விடியவில்லை! எட்டு மணிக்குத்தான் சூரியனார் மெள்ள எட்டிப் பார்த்தார். அந்த ஊரில் அக்டோபரில் அப்படித்தானாம். ராத்திரிச் சாப்பாடும் ஒன்பதுக்கு மேல்தான். பத்து மணிக்குக்கூடத் தெருவில் குழந்தைகள் ஓடி விளையாடுகின்றன, தாத்தா பாட்டிகள் பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனால் யாராவது நிறுத்திக் கொஞ்சாமல் விடமாட்டார்கள். காலையில் "பொன் தியா" என்கிறார்கள். அது கத்தலான் பாஷை, ஸ்பானிஷ் வேறு. பொன் என்று காதில் விழுந்தால் சந்தோஷமாகத்தானே இருக்கிறது!

அன்று திங்கட்கிழமை, சரஸ்வதி பூஜை. மாநாட்டு மண்டபத்துக்கு நடக்கும் தூரத்தில் ஹோட்டல். விளக்கேற்ற வழியில்லை, கூரையில் புகையைக் கண்டால் அலறும் கருவி இருந்தது. மேஜையில் துண்டு விரித்து, தங்கையின் லாப்டாப்பை வைத்துக் குங்குமம் இட்டேன். பக்கத்துக் கடையில் வேகவைத்த கொண்டைக்கடலை கண்ணாடிப் பாட்டிலிலேயே விற்கிறார்கள்! கழுவி, உப்பும் எலுமிச்சையும் சேர்த்து, கொண்டுபோயிருந்த பொடியைத் தூவினேன். சுண்டல் தயார். தாளிக்கவில்லை என்று அம்பாள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

சிக்கல் அதற்கப்புறம்தான். தங்கை லாப்டாப்பை எடுக்கக் கை நீட்டினாள். "அடியே! பூஜையில் வைத்ததை இன்னிக்குத் தொடக் கூடாது" என்றேன்.

"அக்கா, நாளன்னிக்குப் பேசணும். ஒரு தடவைகூட முழுசாப் பேசிப் பார்க்கலை."

"வாயால சொல்லிப் பாரு. நான் கேக்கிறேன்."

"உனக்குப் புரியாதுக்கா."

எனக்குச் சுருக்கென்றது. அவளுக்கும் உடனே தெரிந்துவிட்டது போலிருக்கிறது. குழந்தையை என் மடியில் கொடுத்துவிட்டு, எதிரில் நின்று தமிழிலேயே சொல்ல ஆரம்பித்தாள்.

விஷயம் இதுதான். கம்பெனிகள் எல்லாம் எஸ்.ஏ.பி.யின் பழைய ஏற்பாட்டில் பல வருஷமாக ஓட்டிக்கொண்டிருக்கின்றன. 2015-ல் எஸ்/4 ஹானா என்று புதிது வந்துவிட்டது. பழையதில் விவரங்கள் டிஸ்க்கில் கிடக்கும். ஒவ்வொரு தடவையும் அங்கே போய்த் தேடி எடுத்து வர வேண்டும். புதியதில் எல்லாமே கம்ப்யூட்டரின் ஞாபகத்திலேயே, கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கும். "புரியறது. கடுகுக்கு ஸ்டோர் ரூமுக்கு ஓடறதுக்கும், அடுப்புப் பக்கத்தில அஞ்சறைப் பெட்டி இருக்கறதுக்கும் உள்ள வித்தியாசம்" என்றேன். அவள் சிரித்தாள்.

பழையதற்கு 2025 வரைதான் பராமரிப்பு என்று அப்போது சொல்லியிருந்தார்கள். எல்லோரும் புதியதற்கு மாறியாக வேண்டும். ஆனால் ஒவ்வொரு கம்பெனியும் தன் சௌகரியத்துக்கு ஆயிரக்கணக்கில் தனி புரோகிராம்கள் எழுதி வைத்திருக்கிறது. எதை யார் எழுதினார்கள், எதற்கு எழுதினார்கள் என்று யாருக்கும் தெரியாது. அத்தனையையும் திருத்திப் புதிய இடத்துக்குக் கொண்டு போவதென்றால் பணமும் காலமும் கொள்ளை போகும். அதனால் ஒரு வருஷமாவது எந்தெந்த புரோகிராம் ஓடுகிறதென்று கணக்கெடுத்து, ஓடாததை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் கொண்டு போக வேண்டும். இவள் தன் வேலையில் அப்படிச் செய்து பார்த்திருக்கிறாள். ஏன் ஒரு வருஷம் என்றால், வருஷக் கணக்கு முடிக்கும்போது மட்டும் ஒரே ஒரு தடவை ஓடுகிற புரோகிராமும் இருக்குமாம்.

நான் சொன்னேன்: "இதுக்கா இவ்வளவு பீடிகை? இவருக்கு டிரான்ஸ்பர் வந்து இருபத்து நாலு வருஷத்தில எட்டு வீடு மாறியிருக்கேன். பரண் மேல இருக்கறதையெல்லாம் அப்படியே மூட்டை கட்டினா லாரி போதாது. எது ஒரு வருஷமா இறங்கவே இல்லையோ அதைக் கொடுத்துடணும். ஆனா கொலுப் பெட்டியும் வருஷத்துக்கு ஒரு தடவைதான் இறங்கும், அதைத் தூக்கிப் போட்டுடக் கூடாது!"

தங்கை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஹோட்டல் காகிதத்தில் எதையோ எழுதிக்கொண்டாள். எழுதுவதும் கூடாதுதான். அதை நான் பார்க்காதது போல் இருந்துவிட்டேன்.

விஜயதசமி அன்று காலை லாப்டாப்பை எடுத்துக்கொண்டு மாநாட்டுக்குப் போனாள். அவளுடைய பேச்சு மறுநாள் பிற்பகல் இரண்டரை மணிக்கு. எனக்கும் குழந்தைக்கும் உள்ளே போக அட்டை கிடையாது. வாசல் வரை போய்ப் பார்த்தேன். எத்தனை தேசத்து மனிதர்கள்! பெண்கள் கொஞ்சம்தான்.

அன்று ராத்திரிதான் சோதனை. பதினோரு மணிக்குக் குழந்தையின் உடம்பு அனலாய்க் கொதித்தது. கொண்டுபோன தெர்மாமீட்டர் பெட்டியிலேயே நசுங்கிக் கிடந்தது. அங்கே மருந்துக் கடைகளுக்குப் பச்சைச் சிலுவை விளக்கு அடையாளம். சில கடைகள் ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும். ஹோட்டல் பையன் வழி சொல்ல, தங்கை ஓடிப்போய் வாங்கி வந்தாள். வைத்துப் பார்த்தால் முப்பத்தெட்டு புள்ளி ஆறு! எனக்கு உயிரே போய்விட்டது. நூறு, நூற்றிரண்டு என்று பார்த்துப் பழகிய எனக்கு முப்பத்தெட்டு என்றால் என்ன தெரியும், உடம்பு ஜில்லிட்டுவிட்டதா என்று பதறினேன். "அது சென்டிகிரேடுக்கா" என்று கணக்குப் போட்டுச் சொன்னாள், நூற்றொன்றரை. கிளம்புமுன் எங்கள் டாக்டர் குழந்தையின் எடைக்குக் கணக்குப் போட்டு எழுதிக் கொடுத்திருந்த பாராசிட்டமால் சொட்டு மருந்தை, அந்த அளவே கொடுத்தோம். இன்ஷூரன்ஸ்காரர்களின் எண்ணுக்குப் போன் செய்தாள். ஒரு டாக்டர் இங்கிலீஷில் பேசினார். பால் குடிக்கிறதா, சிறுநீர் போகிறதா, முழித்துப் பார்க்கிறதா, மூச்சு எப்படி என்று கேட்டார். எல்லாம் சரியாக இருந்தால் பொறுத்துப் பார்க்கலாம், ஏதாவது ஒன்று மாறினால் 112-க்குப் போன் செய்யுங்கள் என்றார்.

விடியற்காலை ஜுரம் இறங்கியது. பத்து மணிக்கு மறுபடி ஏறியது. "நான் போகலை. பேச வரலைன்னு சொல்லிடறேன்" என்று தங்கை தலையைக்கூட வாராமல் உட்கார்ந்துவிட்டாள். சென்னைக்குப் பேசினோம். மாப்பிள்ளை, "அக்கா, நீங்கதான் பக்கத்தில இருக்கீங்க. நீங்க என்ன சொல்றீங்களோ அதான்" என்று சொல்லிவிட்டார்.

மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் அந்தப் பாரம் முழுவதும் என் தலையில் வந்து உட்கார்ந்தது. போ என்று சொல்லி, அவள் இல்லாத நேரத்தில் குழந்தைக்கு ஏதாவது ஆனால்? போகாதே என்றால், கைப்பிள்ளைக்காரியை நம்பினால் இப்படித்தான் என்று நாளைக்கு யாராவது சொல்ல மாட்டார்களா? குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மூச்சை எண்ணினேன். இரண்டு மாதத்துக்கு மேல் ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை நிமிஷத்துக்கு ஐம்பதோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினால் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும் என்று, முன்பு நாங்கள் இருந்த ஊரில் நர்ஸம்மா சொல்லிக் கொடுத்திருக்கிறாள். முழு நிமிஷமும் எண்ண வேண்டும், குழந்தை அமைதியாக இருக்கும்போது. நாற்பதுக்குள்தான் இருந்தது. மூன்று தடவை எண்ணினேன். பாலாடையில் பால் கொடுத்தேன், குடித்தது. என் தாலிச் சரட்டைப் பிடித்து இழுத்தது.

"போய்ப் பேசிட்டு வா" என்றேன்.

ஒன்றும் சொல்லாமல் எழுந்து, பால் எடுத்து வைத்துவிட்டுப் போனாள். எடுத்த பால் வெளியில் நாலு மணி நேரத்துக்கு மேல் கூடாது, நல்ல குளிர்ப்பெட்டியில் நாலு நாள் வரை இருக்கும். ஹோட்டல் அறையின் குட்டிப் பெட்டி சரியாகக் குளிராது, அதை நம்பக் கூடாது என்பதை முதல் நாளே ஒரு டம்ளர் பாலைக் கொட்டித் தெரிந்துகொண்டிருந்தோம். அதனால் அன்றன்றைக்கு வேண்டியதைத்தான் எடுத்து வைத்தாள்.

இரண்டரை மணி. நம் ஊரில் மணி ஆறு, விளக்கேற்றும் நேரம். வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்துவிட்டு, அறையின் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடந்தேன். 112 என்று கையிலேயே பேனாவால் எழுதி வைத்திருந்தேன். மூன்று மணி சுமாருக்குக் குழந்தைக்கு நெற்றி வேர்த்தது. ஜுரம் விட்டுவிட்டது. அப்படியே தோளில் தூங்கிப் போயிற்று. எனக்குக் கை மரத்துவிட்டது. கீழே விட மனம் வரவில்லை.

நாலு மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். குழந்தையைப் பார்த்தாள், நெற்றியைத் தொட்டாள், பிறகுதான் செருப்பைக் கழற்றினாள். மேலே போட்டிருந்த கோட்டை இறுக்கிப் பொத்தானிட்டிருந்தாள். கேள்வி நேரத்தில் பால் சுரந்து உள்சட்டை நனைந்துவிட்டதாம். "கோட்டை மாட்டிண்டேன், பதில் சொல்லிண்டே இருந்தேன்" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர்.

"ஒழுங்காப் பேசினியா?"

"பரண்லதான் ஆரம்பிச்சேன். எங்க அக்கா எட்டு வீடு மாறினவள்னு சொன்னேன். கொலுப் பெட்டியையும் சொன்னேன். அதைத்தான் எல்லாரும் வந்து விசாரிச்சாங்க."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. சுண்டல் மிச்சம் இருக்கிறது, சாப்பிடு என்றேன்.

பல் முளைப்பதால் வந்த ஜுரம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஊருக்கு வந்ததும் டாக்டர், "பல்லுக்கு இவ்வளவு ஜுரம் வராதும்மா, பிரயாணத்தில் ஒட்டிக்கொண்ட சளிக் காய்ச்சல். பல் என்று சொல்லிச் சொல்லியே பலர் உண்மையான வியாதியைக் கோட்டை விடுகிறார்கள்" என்றார்.

வெள்ளிக்கிழமை குழந்தை பழைய துள்ளலுக்கு வந்துவிட்டதால் ஊர் பார்க்கக் கிளம்பினோம். டாக்ஸிகள் கறுப்பும் மஞ்சளும். சக்ராதா ஃபமிலியா என்ற மாதா கோவில். 1882-ல் ஆரம்பித்தது, நாங்கள் பார்த்தபோதும் பாரம் தூக்கிகள் நின்றுகொண்டுதான் இருந்தன. உள்ளே தூண்கள் அடிமரம் போல் எழும்பி மேலே கிளை பிரிகின்றன. கண்ணாடி வழியாக ஒரு பக்கம் நீலமும் பச்சையும், மறு பக்கம் ஆரஞ்சும் சிவப்புமாய் வெளிச்சம் வழிகிறது. குழந்தை கூட வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. அதைக் கட்டிய கௌடி என்பவர் 1926-ல் டிராம் மோதி இறந்தாராம். உடுப்பைப் பார்த்துப் பிச்சைக்காரர் என்று நினைத்து, யாரும் சீக்கிரம் கவனிக்கவில்லையாம். மனசு கஷ்டமாகிவிட்டது. அவர் சமாதி கோவிலுக்கு அடியிலேயே இருக்கிறது.

லா பொக்கேரியா மார்க்கெட்டைப் பற்றிக் கேட்காதீர்கள். பழங்களை அடுக்கியிருக்கும் அழகுக்கு மயங்கி உள்ளே போனால், தலைக்கு மேல் வரிசையாகப் பன்றித் தொடைகள் தொங்குகின்றன! முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வெளியே வந்தேன். சைவக்காரர்களுக்கு அங்கே கைகொடுப்பது ரொட்டியில் தக்காளியைத் தேய்த்து ஆலிவ் எண்ணெய் விட்டுத் தருவது; எளிமை, ருசி. குட்டிப் பச்சை மிளகாயை எண்ணெயில் வதக்கி உப்புத் தூவியும் தருகிறார்கள். பெரும்பாலும் காரமே இராது, பத்தில் ஒன்று கடித்தால்தான் தெரியும். எனக்கு அந்த ஒன்று கிடைக்கவே இல்லை.

பால்கனிகளில் கொடிகளும் மஞ்சள் ரிப்பன்களும் நிறையத் தொங்கின. தனி நாடு கேட்டுச் சிறையில் இருந்த தலைவர்களுக்காக என்றார்கள். நாங்கள் 12-ந் தேதி கிளம்பி, 13-ந் தேதி வீடு வந்தோம். 14-ந் தேதி அவர்களுக்குத் தீர்ப்பு வந்து, ஜனங்கள் விமான நிலையத்தை மறித்து, நூறு விமானங்களுக்கு மேல் ரத்தாயின. டிவியில் அதைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. இரண்டு நாள் தாமதித்திருந்தால்!

அடுத்த பிப்ரவரியில் தங்கை போன் செய்தாள். பழைய ஏற்பாட்டுக்கான பராமரிப்பை 2027 வரை நீட்டித்துவிட்டார்களாம். "வீட்டுக்காரர் காலி பண்ண இன்னும் ரெண்டு வருஷம் டைம் கொடுத்துட்டார்க்கா" என்றாள். கொரோனா வந்ததால் 2020-ல் மாநாடே கம்ப்யூட்டர் வழியாக நடந்தது.

நான் திரும்பி வந்தபோது கொலு அப்படியே இருந்தது. விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைக்க வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தேன். இவர் சந்தேகத்துக்கு இருக்கட்டும் என்று எல்லாப் பொம்மைகளையும் படுக்க வைத்திருந்தார், செட்டியார் கடை உட்பட! ஐந்து நாளாகப் படுத்துக் கிடந்தவற்றைத் துடைத்து, பழைய வேட்டியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினேன். பையன் ஏணியில் ஏறிப் பரணில் வைக்கும்போது, "அம்மா, இங்கே ஒரு டிரங்குப் பெட்டி இருக்கே, இதில என்ன?" என்று கேட்டான்.

எனக்கு ஞாபகமே இல்லை. இருக்கட்டும்டா, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றேன்.